சக்கரம் எழுப்பும் ஒலி

(மூன்றாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 64 கிலோ மீட்டர். ஆழியாறு அணையைக் கடந்ததும் தொடங்கும் மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 40. ஒன்பதாவது வளைவில் நின்று கீழே பார்ப்பவர் அணையின் நீர்ப்பரப்பைக் காண்பார். பாறைகளில் வரையாட்டையும் காண்பார். இந்தப் பாதையை அமைத்த பொறியாளர் லோம் என்பவரின் பெயராலேயே அந்தக் காட்சிமுனை இன்றும் வழங்குகிறது. காட்சியை ரசிக்கும் நாம் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு வாகனம் இந்த 40 வளைவுகளிலும் ஏறி இறங்கும்போது அதன் நான்கு சக்கரங்களும் படும் பாடு சமவெளியில் ஓடும் வாகனத்தின் சக்கரங்கள் அறியாதது.

சக்கரத்திலிருந்து ‘கரகர’வென்று ஓர் ஒலி வரத் தொடங்கினால் நம்மில் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. “மழைக்கு அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுவோம்; அல்லது “பேரிங் போய்விட்டது” என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். இரண்டுமே ஆராயாமல் செய்த முடிவுகள். ஒலி என்பது நோயன்று, நோயின் குறி. அந்தக் குறியைக் கொண்டு நோயையும், நோய்க்குக் காரணத்தையும் எப்படிக் கண்டறிவது என்பதை, எனக்குத் தெரிந்த ஒரு வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சக்கரத்தின் உள்ளே

மாட்டு வண்டியை அறியாதவர் கொங்கு நாட்டில் இல்லை. மரக் குடத்தின் நடுவே இரும்பு அச்சு செல்கிறது. சக்கரம் கழன்றுவிடாமல் கடையாணி தடுக்கிறது. குடமும் அச்சும் ஒன்றோடொன்று உராய்வதால் வண்டி மை போடுகிறோம். மை வற்றினால் வண்டி கத்துகிறது. இங்கே நடப்பது வழுக்கும் உராய்வு. இதை உருளும் உராய்வாக மாற்றிவிட்டால் இழுவை பல மடங்கு குறையும் என்ற எண்ணமே பேரிங்கின் அடிப்படை. 1794இல் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர் வண்டி அச்சுக்கு இரும்புக் குண்டுகளைப் பயன்படுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். 1898இல் அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கென், கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குக்கு உரிமம் பெற்றார். வளைவில் திரும்பும்போது சக்கரத்தின் மீது மேலிருந்து வரும் சுமையோடு பக்கவாட்டுச் சுமையும் விழுகிறது. இரண்டையும் ஒருசேரத் தாங்குவதே கூம்பு உருளையின் சிறப்பு. மலைப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பைச் சொல்வது அரிது.

பேரிங்கைச் சுற்றி ‘ஹப்’ என்னும் குடம் சுழல்கிறது. ஹப்போடு சேர்ந்து முன்சக்கரங்களில் பெரும்பாலும் டிஸ்க் என்னும் இரும்புத் தட்டும், சிறிய கார்கள் பலவற்றின் பின்சக்கரங்களில் டிரம் என்னும் இரும்புச் சட்டியும் சுழல்கின்றன. பிரேக்கை மிதித்தால் டிஸ்க்கை இருபுறமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. டிரம்மிலோ இரண்டு ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து அழுத்துகின்றன. டிஸ்க் பிரேக்குக்கு 1902ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் லான்செஸ்டர் உரிமம் பெற்றிருந்தார். ஆயினும் அது கார்களில் பரவலாக இடம்பெற்றது 1950களுக்குப் பிறகுதான்.

ஆகவே சக்கரத்தில் ஒலி எழுந்தால் தேட வேண்டிய இடங்கள் நான்கு: பேரிங், பிரேக், ஆக்சில் மூட்டு, டயர். இவற்றில் எது என்பதை வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே பெருமளவு சொல்லிவிட முடியும்.

காதால் செய்யும் சோதனை

முதலில், ஒலி சக்கரத்தினுடையதா, எஞ்சினுடையதா என்று பிரித்தறிய வேண்டும். ஆள் நடமாட்டமற்ற சமதளச் சாலையில் மெதுவாகச் செல்லும்போது கிளட்சை மிதித்துப் பாருங்கள். எஞ்சின் வேகம் தணிந்தும் ஒலி மாறாமல், வண்டியின் வேகத்தோடு மட்டுமே கூடிக் குறைந்தால் அது சக்கரத்தின் பக்கம் எழும் ஒலி. இந்தச் சோதனையைச் சமதளத்தில் மட்டுமே செய்ய வேண்டும். இறக்கத்தில் ஒருபோதும் செய்யலாகாது.

அடுத்து, ஒலி தொடர்ச்சியானதா, விட்டுவிட்டு வருவதா என்று கேட்க வேண்டும். இங்கே இயற்பியல் நமக்குக் கைகொடுக்கிறது. சிறிய கார் ஒன்றின் டயர் விட்டம் சுமார் 54 சென்டி மீட்டர் என்று கொண்டால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.7 மீட்டர். மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 5.6 மீட்டர் செல்கிறது. அதாவது சக்கரம் நொடிக்கு மூன்று முறைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. 10 நொடியில் 33 முறை ‘சரக், சரக்’ என்று கேட்டால் சுற்றுக்கு ஒரு முறை ஏதோ உரசுகிறது என்பது தெளிவு. டயரில் குத்திய ஆணி, கோணிய டிஸ்க், டிஸ்க்குக்கும் அதன் தகட்டு மறைப்புக்கும் நடுவில் சிக்கிய கல் ஆகியவை இவ்வாறு ஒலிக்கும்.

ஒலிகளின் தன்மையை இப்படி வகைப்படுத்தலாம்.

‘ஊம்’ என்று தொடர்ந்து முனகி, வேகம் கூடக் கூட உரத்து, நாளடைவில் ‘கரகர’வென்று மாறுவது பேரிங் ஒலி. வலப்புறம் திரும்பும்போது வண்டியின் சுமை இடப்புறச் சக்கரங்களின் மீது சாய்கிறது. இடப்புறம் திரும்பும்போது வலப்புறச் சக்கரங்களின் மீது சாய்கிறது. எனவே வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒலி கூடினால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். சமவெளியில் இந்தச் சோதனைக்கு வளைவைத் தேடிப் போக வேண்டும். நமக்கோ நாற்பது வளைவுகள் ஆய்வுக்கூடமாகவே அமைந்திருக்கின்றன.

பிரேக்கைத் தொட்டவுடன் எழுந்து, விட்டவுடன் அடங்குவது பிரேக் ஒலி. ‘கிறீச்’ என்ற மெல்லிய ஒலியானால் பேடு தேய்ந்துவிட்டது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். சில பேடுகளில் இதற்கென்றே ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள்; பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். ‘கர்ர்ர்’ என்று இரும்பை இரும்பு அரைக்கும் ஒலியானால் எச்சரிக்கைக் கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள்.

ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘டக் டக் டக்’ என்று கேட்பது ஆக்சில் மூட்டின் ஒலி. அந்த மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண்ணும் நீரும் புகுந்திருக்கும்.

சாலையின் தளம் மாறும்போது தானும் மாறும் முனகல் டயருடையது. ஒரே சீராகத் தேயாத டயர், பேரிங்கைப் போலவே முனகி அனுபவசாலிகளையும் ஏமாற்றும்.

இவையன்றி அஞ்ச வேண்டாத ஒலி ஒன்றும் உண்டு. இரவு முழுவதும் மழையில் நின்ற வண்டியின் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குகளில் அது உரசி ஒலித்து, தானே துடைபட்டு மறையும். சின்னக்கல்லாறு போன்ற பெருமழைப் பகுதிகளைக் கொண்ட நம் மலையில் இது தினசரி நிகழ்ச்சி. ஆனால் இந்தப் பழக்கமே ஓர் ஆபத்தாகவும் முடிகிறது. உண்மையான நோயின் ஒலி தொடங்கும்போதும் “மழைத் துருதான்” என்று நம் காது சமாதானம் சொல்லிவிடுகிறது.

ஒரு வண்டியின் வரலாறு

என் தாய்மாமன் வாடகைக் கார் ஓட்டுபவர். எஸ்டேட்டிலிருந்து நோயாளிகளையும், பிரசவத்துக்குச் செல்லும் பெண்களையும் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் அழைத்துச் செல்வது அவருடைய முக்கியமான வேலை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அவருடைய வண்டியின் இடது முன்சக்கரத்திலிருந்து ஒலி எழுந்தது. “பேரிங்குதான் போயிருக்கும்” என்பது ஸ்டாண்டில் நின்ற ஓட்டுநர்கள் அனைவரின் தீர்ப்பு. மாமாவும் புதிய பேரிங் வாங்கப் பணம் திரட்டத் தொடங்கினார். பட்டறைக்குப் போன நாளன்று நானும் உடன் சென்றேன்.

“ஏனுங்ணா, பேரிங்கு மாத்திரலாங்களா?” என்று மாமா கேட்டார்.

பட்டறைக்காரர் உடனே விடை சொல்லவில்லை. “பிரேக்குப் புடிச்சாக் கூடுதுங்களா, கொறையுதுங்களா?” என்று திருப்பிக் கேட்டார். மாமா சற்று யோசித்து, “புடிச்சாத்தானுங்க கூடுது. விட்டாலும் லேசா இருக்குது” என்றார். “வளைவுல?” “வளைவுல ஒண்ணும் வித்தியாசமில்லீங்க.”

“அப்பப் பேரிங்கு இல்லீங்க. கழட்டிப் பாக்கோணும்” என்றார் அவர்.

மூன்று கேள்விகளில் பேரிங்கை விலக்கிவிட்டார். ஆயினும் அந்த முடிவையும் அவர் சோதிக்காமல் விடவில்லை. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைச் சிறிது தளர்த்தி, பிறகு ஜாக்கியால் தூக்கி, தாங்கு முட்டுக் கொடுத்தார். சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். அதிலும் ஆட்டம் இல்லை. மேலும் கீழுமாகப் பிடிக்கும்போது ஆட்டம் இருந்தால் பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ சந்தேகிக்க வேண்டும். இடமும் வலமுமாக மட்டும் இருந்தால் ஸ்டீயரிங் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடியும் ஆட்டும்போது ஆட்டம் மறைந்தால் அது பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட் முதலியவை. இந்த எளிய சோதனைக்குக் கருவி ஏதும் தேவையில்லை.

பின்னர் ஒரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மீது வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினார். பேரிங் கெட்டிருந்தால் மணலை அரைப்பது போன்ற அதிர்வு ஸ்பிரிங் வழியாகக் கைக்குத் தெரியும். அதுவும் இல்லை. ஆனால் சக்கரம் தாராளமாகச் சுழலவில்லை. இழுத்துப் பிடித்தாற்போல் நின்றது. பிரேக்கை மிதிக்காதபோதும் ஏதோ ஒன்று டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சக்கரத்தைக் கழற்றியதும் வெளிப்புறப் பேடு பாதிக்கு மேல் நன்றாக இருப்பது தெரிந்தது. மாமா அதைக் காட்டி, “போன வாரங்கூடச் சக்கரத்துச் சந்துல பாத்தனுங்க, பாதி இருந்துச்சு” என்றார். காலிப்பரைப் பிரித்து உட்புறப் பேடைக் கையில் எடுத்தபோது ஒருவரும் பேசவில்லை. அதில் உராய்பொருள் என்று எதுவுமே மிஞ்சவில்லை. அடித்தகடே டிஸ்க்கைத் தேய்த்து, இசைத்தட்டின் கோடுகளைப் போல வரிவரியாகப் பள்ளம் பறித்திருந்தது.

காரணத்தின் காரணம்

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஒரே காலிப்பரில், ஒரே நாளில் மாட்டிய இரண்டு பேடுகளில் ஒன்று பாதி இருக்க, மற்றொன்று முற்றும் தேய்ந்தது ஏன்? இதைக் கேட்காமல் புதிய பேடுகளை மாட்டியிருந்தால் ஒலி அன்றே நின்றிருக்கும். சில மாதங்களில் மீண்டும் வந்திருக்கும்.

சாதாரணக் கார்களின் காலிப்பரில் உட்புறம் மட்டுமே பிஸ்டன் உண்டு. பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் உட்புறப் பேடை டிஸ்க்கில் அழுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதற்குச் சமமான எதிர்விசை காலிப்பர் உடலைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்த உடல் இரண்டு ஊசிகளின் மீது வழுக்கி நகர்ந்து வெளிப்புறப் பேடையும் இழுத்து டிஸ்க்கில் பதிக்கிறது. இவ்வாறு ஒரே பிஸ்டன் இருபுறமும் சமமாக வேலை வாங்குகிறது. ஆனால் அந்த ஊசிகள் தடையின்றி வழுக்கினால்தான் இந்த ஏற்பாடு நடக்கும்.

மாமாவின் வண்டியில் ஒரு ஊசியின் ரப்பர் உறை கிழிந்திருந்தது. மழை நீரும் சாலைச் சேறும் உள்ளே போய், கிரீஸ் கரைந்து, ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டது. காலிப்பர் நகரவில்லை. வெளிப்புறப் பேடு பெயருக்கு இருந்தது. உட்புறப் பேடே பாரம் முழுவதையும் சுமந்தது. பிரேக்கை விட்டாலும் அது முழுதாக விலகவில்லை; ஆகையால் ஓட்டம் முழுவதும் சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டே இருந்தது. சில ரூபாய் பெறும் ஒரு ரப்பர் உறையின் கிழிசல், நான்கு உயிர்களைச் சுமந்து 40 வளைவுகளில் இறங்கும் ஒரு வண்டியை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தது.

சந்தில் எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவது வெளிப்புறப் பேடு மட்டுமே. உள்ளே இருப்பது தெரியாது. ஓட்டுநர்களும் வாகனம் வைத்திருக்கும் ஆசிரியர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

செய்த பழுதுபார்ப்பு

இறுகிய ஊசியைக் கழற்றி, துளையைச் சுத்தம் செய்து, புதிய ஊசியும் புதிய ரப்பர் உறைகளும் போட்டார்கள். இந்த ஊசிகளுக்குச் சாதாரண கிரீஸ் கூடாது. அது ரப்பரை உப்பச் செய்துவிடும். வெப்பம் தாங்கும் சிலிக்கோன் வகைக் கிரீஸே ஏற்றது. டிஸ்க்கின் தடிமனை அளந்தார்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். பள்ளங்களைக் கடைந்து சமன் செய்தால் அந்த அளவுக்குக் கீழே போய்விடும் என்று தெரிந்ததால் புதிய டிஸ்க்கே போட வேண்டியதாயிற்று. பேடுகளை இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரு பக்கப் பிடிப்பும் சமமாக இராது. பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பேடு மாட்டியபின் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்து, அது கெட்டியாகும்வரை காத்திருந்தார்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும்; வண்டி நிற்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரேக்கிலிருந்து வரும் கரும்பொடியை வாயால் ஊதுவதோ காற்றுக் குழாயால் அடிப்பதோ கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. எந்த லைனிங்கில் அது இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. நுரையீரலுக்குக் கேடு செய்யும் அந்தத் தூசியை ஈரத் துணியால் துடைப்பதே முறை.

உண்மையிலேயே பேரிங் கெட்டிருந்தால் என்ன செய்வது? ஜீப் போன்ற வண்டிகளில் கூம்பு உருளைப் பேரிங்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பார்த்து, புதுக் கிரீஸ் நிரப்பி, நட்டைச் சரியான இறுக்கத்துக்கு வைக்கலாம். அளவுக்கு மீறி இறுக்கினால் சூடேறும். தளர விட்டால் சக்கரம் ஆடும். சிறிய கார்கள் பலவற்றில் பேரிங் மூடிய பெட்டி போன்றது. அதைப் பிரெஸ் எந்திரத்தால் அழுத்தித்தான் பொருத்த வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றிய பேரிங்கின் பாதையில் குண்டுகள் பதிந்து சிறு பள்ளங்கள் விழும். புதிய பேரிங்கே விரைவில் முனகத் தொடங்கும்.

மலையும் வெப்பமும்

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஆட்களோடு சேர்ந்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 700 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அது இழக்கும் நிலையாற்றல் 1,200 × 9.8 × 700, அதாவது ஏறத்தாழ 82 லட்சம் ஜூல். இது 28 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். இந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கின் 20 கிலோ இரும்பில் தங்கிவிடுமானால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 900 டிகிரி உயரும். காற்று குளிர்விப்பதாலும் எஞ்சின் ஒரு பங்கைத் தாங்குவதாலும் அவ்வளவு ஆவதில்லை. ஆனால் நியூட்ரலில் இறங்கும் ஓட்டுநர் எஞ்சினின் பங்கைத் தானே மறுத்துவிடுகிறார். அத்தனை சுமையும் பிரேக்கின் தலையில் விழுகிறது.

பிரேக் ஆயிலையும் இங்கே கருத வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 எனப்படும் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். குமிழ் அழுந்தும், திரவம் அழுந்தாது. ஆகவே பெடலை மிதித்தால் குமிழ்தான் அழுந்துமே தவிர பேடு அழுந்தாது. நம்மைப் போன்ற மழை நாட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

நாம் செய்யக்கூடியவை

மலை இறங்கி நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அனல் வீசினால் அங்கே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். பருவமழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சக்கரங்களைக் கழற்றி, உள் பேடையும் வெளிப் பேடையும் ரப்பர் உறைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பேடின் உராய்பொருள் 3 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பட்டறைக்குச் செல்லும்போது “பேரிங் போய்விட்டது” என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். எப்போது கேட்கிறது, பிரேக்கில் கூடுகிறதா, வளைவில் மாறுகிறதா, சுற்றுக்கு ஒன்றா, தொடர்ச்சியா என்று குறிகளைச் சொல்லுங்கள். நல்ல மருத்துவரிடம் நோயாளி சொல்ல வேண்டியது நோயின் பெயரை அல்ல.

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய விதி. யானை நடமாடும் இந்தச் சாலையில், மஞ்சு கவிந்த இரவில், வளைவு ஒன்றில் வண்டி நின்றுவிட்டால் உதவி எளிதில் வராது. ஒலி கேட்ட அன்றே அதன் காரணத்தைத் தேடுவோமானால் அந்த நிலை நமக்கு வாராது.